மனிதத் தலையீடு: பூஜ்யம்

திட்ட அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில்
மின்கலத்துக்கும் பனிச்சக்கரத்துக்கும் நடுவே
ஒரே வரியில் இருக்கிறேன்:
பாதுகாப்புப் பணியாளர், எண்ணிக்கை ஒன்று.

பெயர் தைமி.
பத்தொன்பது வருஷம் ஏழாம் எண் பஸ் ஓட்டினேன்,
கிவியோகி ரயிலடியிலிருந்து ஆஸ்பத்திரி வரை.
ஏறுகிறவர்கள் குறைவு,
வருஷத்துக்கு நாற்பதாயிரம் யூரோ நஷ்டம் என்று
ஒரு செவ்வாய்க்கிழமை நகராட்சி நிறுத்தியது.
மறு வருஷம் ஹெல்சின்கியிலிருந்து
பதினோரு லட்சம் வந்தது,
ஓட்டுநர் இல்லாமல் ஓடும் பஸ்ஸுக்கு.
அதே ரயிலடி. அதே ஆஸ்பத்திரி.
எட்டு இருக்கை. மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர்.

பொய் சொல்வானேன், எனக்கு அதைப் பிடித்திருந்தது.
குறுக்கே ஓடும் முயலை
எனக்கு முன்னால் பார்த்துவிடும்.
சைக்கிள்காரனை அம்மா பெயர் சொல்லித் திட்டாது;
நான் திட்டியிருக்கிறேன்.

என் வேலை, வேலை செய்யாமல் இருப்பது.
முழங்காலருகே ஒரு சிவப்புப் பொத்தான்.
அமுக்கினால் வண்டி நிற்கும்,
ஹெல்சின்கியில் ஏதோ ஒரு கட்டத்தில்
ஒன்று கூடும்.
கூடாதிருந்தால்தான் அடுத்த தவணை.
"கை மடியிலேயே இருக்கட்டும், தைமி"
என்பான் இல்மாரி, திட்ட மேலாளன்;
அவனிடம் எழுபது ஸ்லைடுகள் உண்டு,
குளிருக்குத் தொப்பி கிடையாது.

ஔலிக்கி வாரம் மூன்று நாள் ஏறுவாள், டயாலிசிஸுக்கு.
ஏறியதும் ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பாள்,
பிறகு என்னை.
"நீதானே ஓட்டுகிறாய்?"
ஆமாம் என்பேன்.
இந்தப் பொய்க்குக் கட்டம் எதுவும் அச்சிடவில்லை அவர்கள்.

பிப்ரவரியில் மதிப்பீட்டாளர் வந்தார்.
மைனஸ் இருபத்தாறு.
பேக்கரித் தெருவில்
சாக்கடை மூடிகளின் இடுக்கிலிருந்து
ஆவி எழுந்து ஆளுயரம் நின்றது.
பஸ்ஸும் நின்றது.
எங்களுக்கு ஆவி. அதற்குச் சுவர்.
எட்டுக் கண்ணாலும் பார்த்தது, சுவரேதான்.
இல்மாரி மடிக்கணினியைத் திறந்தான்,
மூடினான், திறந்தான்.
மதிப்பீட்டாளர் பேனா மூடியைக் கழற்றினார்.
யாரும் பேசவில்லை.
ஔலிக்கிக்கு ஒன்பது மணிக்கு ஊசி ஏற்ற வேண்டும்,
எட்டு நாற்பது.

பொத்தானைத் தொடவில்லை நான்.
கதவு வழியே இறங்கி
ஆவிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போய் நின்றேன்.
சுவர் நகராது, மனுஷி நகர்வாள்;
அந்த ஒன்றை மட்டும்
யாரோ அதற்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
ஓரடி வைத்தேன். ஓரடி வந்தது.
அப்படியே நடந்தேன்,
முதல் மூடி, இரண்டாம் மூடி,
ரொட்டி வாசனை, மூன்றாம் மூடி,
இமை மயிரில் பனி கட்டிக்கொள்ள,
முதுகுக்குப் பின்னால்
பதினோரு லட்சம் யூரோ
சன்னமாக முனகிக்கொண்டு.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து ஔலிக்கி கையசைத்தாள்,
இப்போது கேள்வி கேட்காமல்.

பொத்தான் அமுக்கப்படவில்லை.
ஆகவே மதிப்பீட்டாளர் எழுதினார்:
மனிதத் தலையீடு, பூஜ்யம்.
கருணையா, விதிமுறையா,
நான் கேட்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது,
குளிராகவும் இருக்கலாம்.

ஜூனில் பணம் வந்தது. இந்த முறை பத்தொன்பது லட்சம்.
ஆவிக்குள் பார்க்கும் ரேடார்,
புது நிறம், அமைச்சர் வந்து வெட்ட ஒரு ரிப்பன்.
என்னைத் தேடினேன்.
ஐம்பத்தெட்டாம் பக்கம்:
பாதுகாப்புப் பணியாளர், எண்ணிக்கை அரை.

எந்த அரை என்று இல்மாரிக்கும் தெரியவில்லை.
நானே சொன்னேன்:
திங்கள், புதன், வெள்ளி,
காலை எட்டு மணி வண்டி.
செவ்வாயும் வியாழனும்
முயல்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.